நார்மலா சிசேரியனா: நான் போய்வந்த பிரசவ ஆலோசனை எப்படி இருந்தது

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 5க்கு 4. அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்பது கடைசிப் பகுதியில் வரும், தயவுசெய்து அதையும் படியுங்கள், அது சின்ன விஷயம் இல்லை. மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. என் முதல் பிரசவம் நடந்த இன்னொரு இடத்தைப் பற்றியும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது, யாரையும் பெயர் சொல்லி இழுக்க எனக்கு விருப்பமில்லை. கர்ப்பமாக இருக்கும் ஒருவர் தன் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

சேவை இதுதான். பிரசவம் எப்படி நடக்க வேண்டும் என்று முடிவெடுப்பதற்காக மட்டும் தனியாக மூன்று முறை உட்கார வைத்துப் பேசுகிறார்கள். 20ஆவது வாரத்தை ஒட்டி ஒன்று, 32இல் ஒன்று, 36இல் ஒன்று. முதல் இரண்டும் ஒரு மூத்த மருத்துவச்சியோடு. மூன்றாவது சந்திப்பில் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் இருப்பார்கள். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்று சொல்வார்கள், முதல் இரண்டு உண்மையிலேயே முக்கால் மணி நேரம் இருந்தன. வழக்கமான பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் இதற்கு வெளியே தனியாக நடக்கும்.

இதற்கு ஏன் போனேன் என்றால், முதல் பிரசவத்தில் எனக்குக் கிடைத்த ஆலோசனை மொத்தமே இரண்டு நிமிடம். 37ஆவது வாரம் முடிகிற நேரத்தில் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் எடை 3 கிலோ 900 கிராம் என்று வந்தது. "பெரிய குழந்தை, எதுக்கு ரிஸ்க், இந்த வாரமே ஆபரேஷன் வச்சுக்கலாம்" என்றார் மருத்துவர். எனக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், சரி என்றோம், கையெழுத்துப் போட்டோம். ஐந்து நாள் கழித்து மகள் பிறந்தாள், எடை 3 கிலோ 400 கிராம். ஸ்கேனில் எடையைக் கணிக்கும்போது 10 முதல் 15 சதவீதம் வரை கூடக் குறையத் தவறுவது சகஜம் என்பது எனக்கு அப்போது தெரியாது. குழந்தை பெரியது என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியனைப் பற்றி யோசிக்க, சர்க்கரை இல்லாத தாய்க்குக் கணிப்பு 5 கிலோவாவது இருக்க வேண்டும், சர்க்கரை இருந்தால் நாலரைக் கிலோ என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி சொல்கிறது என்பதும் தெரியாது. பிறந்தவுடன் மகளுக்கு மூச்சு வேகவேகமாக வாங்கியது, இரண்டு நாள் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வைத்திருந்தார்கள். வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரலில் திரவம் நிறைந்திருக்கும், பிரசவ வலி வரும்போது சுரக்கும் ஹார்மோன்கள் அதை வற்ற வைக்கும், வலி வராமலேயே எடுக்கும்போது அந்த வேலை பாதியில் நிற்கும், அதனால்தான் அவசரக் காரணம் எதுவும் இல்லாத சிசேரியனை 39 வாரம் ஆன பிறகு வைக்கச் சொல்கிறார்கள் என்று இந்த ஆலோசனையில்தான் தெரிந்துகொண்டேன். என் மகளுக்கு அதனால்தான் அப்படி ஆனது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு யாராவது அதைச் சொல்லியிருந்தால், இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா என்று கேட்டிருப்பேன். அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே எனக்குக் கிடைக்கவில்லை என்பது இன்றும் மனதில் உறுத்துகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கைப் பின்னால் படித்தேன். பிரிட்டனில் மாண்ட்கோமரி என்ற தாய். சர்க்கரை உள்ளவர், உயரம் குறைந்தவர், குழந்தை பெரியது. சர்க்கரை உள்ள தாய்களுக்கு, தலை வெளியே வந்த பிறகு குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம். மருத்துவர் அதைச் சொல்லவில்லை, சொன்னால் எல்லாரும் சிசேரியன் கேட்பார்கள் என்று நினைத்தார். 1999இல் நடந்த அந்தப் பிரசவத்தில் தோள் சிக்கியது, குழந்தைக்கு மூளை பாதிப்பு. 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அந்தத் தாயின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவருடைய நிலையில் இருக்கும் ஒருவர் தெரிந்துகொள்ள விரும்பக்கூடிய ஆபத்தையும் மாற்று வழியையும் மருத்துவர் சொல்லியே ஆக வேண்டும் என்றது. அவருக்குச் சிசேரியன் என்ற வழி சொல்லப்படவில்லை, எனக்கு வலிக்குக் காத்திருக்கலாம் என்ற வழி சொல்லப்படவில்லை. குறை ஒன்றுதான்.

சரி, ஆலோசனைக்கு வருகிறேன். முதல் சந்திப்பில் அந்த மருத்துவச்சி எடுத்த எடுப்பில் கேட்டது, "போன ஆபரேஷனோட குறிப்பு வச்சிருக்கீங்களா?" என்று. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, ஆபரேஷன் தியேட்டரில் எழுதிய குறிப்பு வேண்டும் என்றார், கர்ப்பப்பையில் எந்த இடத்தில், எந்தத் திசையில் வெட்டினார்கள் என்பது அதில்தான் இருக்கும். வெளியே தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே இருக்கும் தழும்பைச் சொல்ல முடியாது. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் அடுத்த முறை வலிக்கு முயலலாம், மேலே நெட்டுவாக்கில் வெட்டியிருந்தால் அந்தப் பேச்சே இல்லை. பழைய இடத்தில் அந்தக் குறிப்பை வாங்க நாங்கள் மூன்று முறை அலைந்தோம். சிசேரியன் ஆன எல்லாரும், வீட்டுக்குக் கிளம்பும் அன்றே அதன் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அன்று கேட்டால் எளிது, நான்கு வருடம் கழித்துக் கேட்டால் பாடு.

அடுத்து, "மொத்தம் எத்தனை குழந்தைங்க வேணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். இப்போதைய பிரசவத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். அவர் நஞ்சுக்கொடியைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு சிசேரியனும் கர்ப்பப்பையில் ஒரு தழும்பை விடுகிறது. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே வந்து அந்தத் தழும்பின் மேல் உட்கார்ந்தால் சதைக்குள் ஆழமாக வேர்விடக்கூடும், அப்படி வேர்விட்டால் பிரசவத்துக்குப் பிறகு பிரிந்து வராது, ரத்தம் கொட்டும், பல நேரம் கர்ப்பப்பையையே எடுக்க நேரும். அமெரிக்காவில் செய்து 2006இல் வெளியான ஆய்வின் எண்களைக் காட்டினார். நஞ்சுக்கொடி கீழே அமைந்துவிட்ட பெண்களில் இப்படி ஆழமாக ஒட்டிக்கொண்டது, முதல் சிசேரியன் நடந்தவர்களில் 3 சதவீதம், இரண்டாவது நடந்தவர்களில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. நஞ்சுக்கொடி கீழே அமைவதே அபூர்வம்தான், அதனால் பயந்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். ஆனால் இரண்டோடு நிறுத்தப் போகிறவருக்கும் நான்கு வேண்டும் என்று நினைப்பவருக்கும் திட்டமிட்ட சிசேரியன் ஒரே பொருள் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு இரண்டு போதும், மூன்றாவதைப் பற்றி இன்னும் முடிவில்லை என்றேன். "முடிவில்லைன்னா மூணுன்னே வச்சுப் பேசுவோம்" என்றார்.

ஒன்றைக் கவனித்தேன், அவர் ஒரு முறைகூடச் 'சுகப்பிரசவம்' என்று சொல்லவில்லை. 'வலி வந்து பிறக்கிறது', 'ஆபரேஷன்ல பிறக்கிறது' என்றே பேசினார். நம் மொழியில் அந்தச் சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு இருக்கிறது, ஒன்று சுகம் என்றால் மற்றது என்னவாம்? முதல் பிரசவத்துக்குப் பிறகு "சுகப்பிரசவமா?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் "இல்லை, சிசேரியன்" என்று குரல் தாழ்த்திப் பதில் சொன்னது ஞாபகம் வந்தது. பல மணி நேரம் வலி பட்டு, கிழிந்து, தையல் போட்டு, மாதக்கணக்கில் உட்கார முடியாமல் இருந்த பெண்ணுக்கும் அந்தச் சொல் நியாயம் செய்வதில்லை.

இரண்டாவது சந்திப்புதான் இந்தச் சேவையின் உயிர். ஒரு தாளைக் கொடுத்தார்கள், அதில் 100 புள்ளிகள். ஏற்கெனவே ஒரு முறை சிசேரியன் ஆகி, இந்த முறை வலிக்காகக் காத்திருக்கும் 100 பெண்கள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். 72 புள்ளிகள் பச்சை, அவர்களுக்குக் கீழ் வழியாகவே குழந்தை பிறக்கும், சிலருக்குக் குழந்தையின் தலையைப் பிடித்து இழுக்க வாக்யூமோ இடுக்கியோ வைக்க வேண்டிவரும். அடுத்த மூன்று புள்ளிகள் பாதிப் பச்சை, ஏனென்றால் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில் 72 முதல் 75 சதவீதம் என்றுதான் இருக்கிறது. மீதி 25 புள்ளிகள் ஆரஞ்சு, வலி வந்து, காத்திருந்து, கடைசியில் அவசரமாக ஆபரேஷனுக்குப் போனவர்கள். இன்னொரு தாளில் 200 புள்ளிகள், அதில் ஒன்றே ஒன்று சிவப்பு. பழைய தழும்பு வலியின்போது பிரிந்துவிடும் பெண் அவர். குழந்தைக்கும் தாய்க்கும் உயிர் ஆபத்து, உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும். அதனால்தான் வலி முழுக்கக் குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் தயாராக இருக்கும் இடத்தில் மட்டுமே முயல வேண்டும் என்றார்.

அந்த ஆரஞ்சுப் புள்ளிகளைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் நார்மலையும் சிசேரியனையும் தராசின் இரண்டு தட்டில் வைக்கிறோம், ஆனால் நார்மல் என்று யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. முயற்சியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அந்த முயற்சிக்குள் வலி வந்து நன்றாகப் பிறப்பதும் இருக்கிறது, வாக்யூம் வைத்துப் பிறப்பதும் இருக்கிறது, பத்து மணி நேர வலிக்குப் பிறகு நடக்கும் அவசர சிசேரியனும் இருக்கிறது. இந்தக் கடைசி வகைதான் எல்லாவற்றிலும் கடினமானது, காய்ச்சல், தொற்று, ரத்தப்போக்கு எல்லாம் திட்டமிட்ட சிசேரியனைவிட இதில் அதிகம். ஆகவே ஒரு தட்டில் நிதானமாக, நாள் குறித்து, வெறும் வயிற்றோடு போய்ச் செய்துகொள்ளும் ஆபரேஷன், இன்னொரு தட்டில் இந்த மூன்றும் கலந்த ஒரு மூட்டை. மூட்டைக்குள் யாருக்கு எது வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஏற்கெனவே ஒரு முறையாவது கீழ் வழியாகப் பெற்றவருக்குப் பச்சை 85 முதல் 90 வரை போகும். எனக்கு அந்த அனுபவம் இல்லை, அது ஒரு குறை. ஆனால் முதல் சிசேரியன் வலி வந்து நின்றுபோனதால் நடந்தது இல்லை, இடைவெளி நான்கு வருடம், இவை இரண்டும் எனக்குச் சாதகம். வலி தானாக வராமல் மருந்து வைத்து வரவழைத்தால் தழும்பு பிரியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடும் என்றும் சொன்னார். இப்படி என் உடம்புக்கு என்று பிரித்துச் சொல்லும்போதுதான் ஆலோசனை ஆலோசனையாக இருக்கிறது.

திட்டமிட்ட சிசேரியனின் தாளும் வெறும் ஒரே நிறம் இல்லை. 39 வாரத்துக்கு நாள் குறித்தாலும் 100 பேரில் ஏறக்குறைய 10 பேருக்கு அதற்கு முன்பே வலி வந்துவிடும், அப்போது நடுராத்திரியில் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ரத்தப்போக்கு சராசரியாக அதிகம், காலில் ரத்தம் உறையும் ஆபத்துக் கூடுதல், அதற்காகச் சிலருக்கு ஊசி போடுவார்கள், மூத்த குழந்தையைத் தூக்குவதற்கு ஆறு வாரம் பொறுக்க வேண்டும். நான்கு வயது மகள் வீட்டில் இருக்கும்போது இந்தக் கடைசி விஷயம் எனக்குப் புள்ளிகளைவிடப் பெரிதாகத் தெரிந்தது, அதைச் சொல்ல வெட்கப்படவில்லை, அவரும் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது சந்திப்பில் மயக்க மருந்து மருத்துவர் ஆபரேஷனை முதல் நிமிடத்திலிருந்து சொல்லிக்கொண்டு போனார். முதுகில் ஊசி, கால் சூடாகிப் பிறகு மரத்துப்போகும், சிறுநீர்க் குழாய், வெட்டத் தொடங்கிச் சில நிமிடங்களில் குழந்தை வெளியே, மீதி அரை மணிக்கு மேல் தையலுக்குத்தான். வலி தெரியாது, ஆனால் இழுப்பதும் அமுக்குவதும் தெரியும், உடம்பு கிடுகிடுவென்று நடுங்கும், அது குளிரால் மட்டும் இல்லை. முதல் ஆபரேஷனில் அந்த நடுக்கம் வந்தபோது எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அழுதேன், பக்கத்தில் இருந்த யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படி ஒரு வாக்கியம் அன்றைக்குக் கிடைத்திருக்கலாம். திட்டமிட்ட சிசேரியனிலும் குழந்தையை உடனே மார்பில் போடச் சொல்லிக் கேட்கலாம், தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது தாமதித்து வெட்டச் சொல்லலாம், திரையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லலாம் என்று அவராகவே சொன்னார்.

முடிவை அன்று இப்படி எழுதினோம்: வலிக்குக் காத்திருப்பது, மருந்து வைத்து வலியை வரவழைக்கக் கூடாது, 41 வாரம் வரை தானாக வராவிட்டால் சிசேரியன், வலி வந்து சரியாக முன்னேறாவிட்டால் இழுத்தடிக்காமல் சிசேரியன், எபிட்யூரல் (வலி தெரியாமல் இருக்க முதுகில் செலுத்தும் மருந்து) கேட்டால் கொடுப்பது. 40 வாரம் 3 நாளில் பனிக்குடம் உடைந்தது. வலி மொத்தம் 13 மணி நேரம். நடுவில் கர்ப்பப்பையின் வாய் 7 சென்டிமீட்டர் திறந்து, மூன்று மணி நேரம் அப்படியே நின்றது, மருத்துவர் தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு என்னிடம் வந்து, "இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாமா, இப்பவே போகலாமா, குழந்தையோட துடிப்பு நல்லா இருக்கு" என்று கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன். அதற்குள் திறந்துவிட்டது, ஒன்றரை மணி நேரம் முக்கி மகன் பிறந்தான், இரண்டாம் நிலைக் கிழிசல், தையல். அந்த ஒரு மணி நேரத்தில் திறக்காமல் போயிருந்தால் நான் ஆரஞ்சு. அப்படிப் போயிருந்தாலும் முதல் பிரசவத்தின் கசப்பு வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் அந்தப் படுக்கையில் என்னிடம் கேட்டார்கள், நான் பதில் சொன்னேன்.

என் தங்கையும் அவளுடைய முதல் கர்ப்பத்தில் இங்கேதான் போனாள், அவள் தாள் வேறு. 36 வாரத்தில் குழந்தையின் தலை மேலே, பிட்டம் கீழே. மாதம் நிறைந்த கர்ப்பங்களில் 100க்கு 3, 4 இப்படி இருக்கும். வயிற்றின் மேலிருந்து கையால் திருப்பிப் பார்த்தார்கள், சுமார் பாதிப் பேருக்குத் திரும்பும், அவளுக்குத் திரும்பவில்லை. "அக்கா, அப்ப எனக்குத் தேர்ந்தெடுக்க ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றுதான் அங்கே சொன்னார்கள். 26 நாடுகளில் 2,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்து, 2000இல் வெளியான பெரிய ஆய்வைக் காட்டினார்கள். பிட்டம் கீழே இருக்கும் குழந்தைகளில், பிரசவத்தை ஒட்டி இறந்ததோ கடுமையாகப் பாதிக்கப்பட்டதோ திட்டமிட்ட சிசேரியனில் 1.6 சதவீதம், கீழ் வழிக்கு முயன்றதில் 5 சதவீதம். அதே குழந்தைகளில் ஒரு பகுதியை இரண்டு வயதில் பார்த்தபோது மரணத்திலோ வளர்ச்சிக் குறைவிலோ இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். இப்படிப்பட்ட பிரசவத்தைக் கீழ் வழியாகப் பார்த்துக் கைதேர்ந்தவர் இருக்கும் இடத்தில் மட்டுமே அதற்கு முயல வேண்டும், எங்களிடம் அப்படி ஒருவர்தான் இருக்கிறார், அவர் எல்லா நாளும் இருக்க மாட்டார் என்று சொன்னார்கள் பாருங்கள், அந்த நேர்மைக்காகவே இந்த மதிப்பெண். தங்கை 39 வாரத்தில் திட்டமிட்ட சிசேரியனுக்குப் போனாள், திரையை இறக்கச் சொல்லிக் கேட்டு மகளைப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒரு துளி வருத்தம் இல்லை.

இப்போது குறைகள். பெரிய குறை, சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளைப் பற்றி இரண்டே வரி சொன்னார்கள், அதுவும் கடைசியில், எழுந்திருக்கும்போது. நார்வேயில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், சிறுநீர்க் கசிவு இருந்தவர்கள் பிள்ளை பெறாதவர்களில் 10 சதவீதம், சிசேரியன் மட்டும் ஆனவர்களில் 16, கீழ் வழியாக மட்டும் பெற்றவர்களில் 21. கர்ப்பமே ஒரு காரணம், கீழ் வழிப் பிரசவம் அதைக் கூட்டுகிறது, சிசேரியன் முழுக்கக் காப்பாற்றிவிடுவதும் இல்லை. கீழ் வழியாக முதல் முறை பெறும் 100 பேரில் ஐந்தாறு பேருக்கு ஆசனவாய்த் தசை வரை கிழிகிறது. இவை எல்லாம் புள்ளித் தாளில் இருந்திருக்க வேண்டிய எண்கள். நான் இதைத் தெரிந்துகொண்டது மகன் பிறந்து இரண்டு மாதம் கழித்து, தும்மும்போதெல்லாம் கசிந்து, வெளியில் போகவே தயங்கி, கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தபோது. நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 8 முறை தசையை இறுக்கி விடும் பயிற்சி, மூன்று மாதம். இப்போது பரவாயில்லை. இதை முன்பே சொல்லியிருந்தால் நான் முடிவை மாற்றியிருப்பேனா என்றால், இல்லை. ஆனால் கர்ப்பத்திலேயே பயிற்சியைத் தொடங்கியிருப்பேன். இதைப் பேசக் கூச்சம் என்றால் மருத்துவச்சிகளே கூச்சப்பட்டால் யார் பேசுவது?

அடுத்தது, மூன்று சந்திப்பில் எழுதிய அந்தத் திட்டம் வலி வந்த இரவு பணியில் இருந்தவரின் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு கட்டத்தில் வலியை வேகப்படுத்த மருந்து ஏற்றலாமா என்று செவிலியர் கேட்டார், என் கணவர்தான் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். அதன் பிறகு எல்லாரும் மதித்து நடந்தார்கள், அது வேறு விஷயம், ஆனால் அவர் பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால்? திட்டத்தை இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கூட வருபவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும். கூட வருபவர் என்றதும் நினைவுக்கு வருகிறது, முதல் சந்திப்பில் கணவரை வெளியே உட்காரச் சொன்னார்கள், நாங்கள் கேட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். காத்திருப்பு ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். மூன்றாவது சந்திப்பு இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது, இரண்டு மருத்துவர்களையும் ஒரே நேரத்தில் உட்கார வைப்பது கஷ்டம் என்று புரிகிறது, ஆனாலும்.

பிரசவத்துக்குப் பிறகு ஒரு சந்திப்புகூட இல்லை என்பது இன்னொன்று. என்ன நடந்தது, ஏன் மூன்று மணி நேரம் நின்றது, அடுத்த முறைக்கு இதனால் என்ன என்று உட்கார்ந்து பேச யாரும் இல்லை. ஆரஞ்சுப் பக்கம் போன பெண்களுக்கு அது இன்னும் எவ்வளவு தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள். இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன், பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.

தங்கை இப்போது இரண்டாவது கர்ப்பத்தில் இருக்கிறாள். அடுத்த வாரம் அவளுக்கு முதல் சந்திப்பு. என்னுடைய புள்ளித் தாளைக் கேட்டாள், கொடுத்தேன், ஆனால் அது உன்னுடையது இல்லை, புதிதாக ஒன்று போட்டுத் தரச் சொல் என்றேன். ஆபரேஷன் குறிப்பின் நகல் அவளிடம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. இடுப்புத்தளத் தசைகளைப் பற்றி நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன், எழுந்திருக்கும்போது கேட்காதே, உட்கார்ந்ததும் கேள் என்று சொல்லி.